எந்தப் பவர் உங்களுக்கு வேண்டும்?



இந்த மாத வேதபாடத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலீஷ் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துப் படியே மிதிக்காத நம் பாட்டிமார்கூட ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொல்லுகிற வார்த்தைதான் அது. "பவர்."

நம்முடைய சேலம், நாமக்கல் சீமையில் இந்த ஒரு வார்த்தை படுகிற பாட்டைப் பாருங்கள். கரண்ட் போனால் பவர் கட். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் ராப்பகலாய் ஓடுகிற விசைத்தறி, பவர்லூம். அந்தத் தறிக்குப் பூட்டின மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டால் அதுவும் குதிரையின் பவர்தான், ஒரு எச்.பி. என்பது 746 வாட். நாமக்கல்லில் பாடி கட்டுகிற லாரிக்குப் பவர் ஸ்டீயரிங். பத்திர ஆபீசுக்குப் போனால் பவர் பத்திரம். தேர்தல் வந்தால் எந்தக் கட்சி பவருக்கு வரும் என்று டீக்கடையில் பேச்சு. மருந்துக்கடையில் நின்று, "இந்த மாத்திரை கேக்கலீங்க, இன்னுங் கொஞ்சம் பவரா குடுங்க" என்கிறோம். டாக்டர் எழுதாத பவரை நாமாக வாங்கி விழுங்குவதும், டாக்டர் எழுதினதை விசுவாசம் என்று சொல்லி நாமாக நிறுத்துவதும் இரண்டுமே தப்பு. அது வேறு விஷயம், வேறொரு மாதம் எழுதுகிறேன்.

கண்ணாடிக் கடையில்தான் வேடிக்கை. அங்கே ஒருவர், "கண்ணுல பவர் ஏறிப்போச்சுங்க" என்று சொன்னால் பார்வை குறைந்துபோயிற்று என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

இப்படி ஊரெல்லாம் சுற்றிவிட்டு இந்த வார்த்தை ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் வந்துவிடுகிறது. "அந்தக் கன்வென்ஷன்ல நல்ல பவர்." "அவரு கை வெச்சாப் பவர் எறங்குது." "இவருகிட்ட அந்தப் பவர் இல்லைங்க." பிரியமானவர்களே, இங்கேதான் என் பாரம். கரண்டுக்கும் பத்திரத்துக்கும் மாத்திரைக்கும் ஒரே பெயர் சொல்லுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை; பத்திரத்தைக் கொண்டுபோய் யாரும் பிளக்கில் சொருகப்போவதில்லை. ஆனால் ஆவிக்குரிய காரியத்தில் எல்லாவற்றையும் பவர் என்று ஒரே மூட்டையாய்க் கட்டிவிட்டால், ஏற்கெனவே கையில் இருப்பதை இல்லை என்று அழுகிறோம். காத்திருந்து பெறவேண்டியதைக் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறோம். நம்மைச் சேராததற்கு நாள் குறிக்கிறோம்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க பாஷையில் இதற்கு முக்கியமாக இரண்டு வார்த்தைகள் உண்டு. ஒன்று எக்சூசியா. ஒரு காரியத்தைச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறது, மேலிருந்து அனுமதி இருக்கிறது என்பது அது. இன்னொன்று துனாமிஸ். அந்தக் காரியத்தைச் செய்துமுடிக்க எனக்குள் இருக்கிற திராணி அது. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் ராஜாவின் இங்கிலீஷ் வேதாகமம் பல இடங்களில் இந்த இரண்டையுமே பவர் என்று போட்டுவிட்டது. நம்முடைய தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள். நாம் சபையில் வாசிக்கிறது 1871-ல் வெளிவந்த திருப்புதல். அந்தக் குழுவுக்குத் தலைமையாயிருந்தவர் ஹென்றி பவர் என்கிற போதகர். இங்கிலீஷில் அவர் பெயருக்கு எழுத்து வேறு. தமிழில் எழுதினால் அவரும் பவர்தான்! பெயரில் பவரை வைத்திருந்த மனுஷருடைய திருப்புதலில் ஒரே வார்த்தையை எல்லா இடத்திலும் ஒட்டவில்லை. வல்லமை, பெலன், பலம், அதிகாரம், ஆதீனம், திறமை, சக்தி என்று இடத்துக்கு இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் வாசிக்கிறவர்கள் அகராதியைத் தேடவேண்டிய இடத்தில், தமிழில் வாசிக்கிற நம் தறிக்கார அம்மாவுக்கு வித்தியாசம் பச்சையாகத் தெரிகிறது. நாம் நம்முடைய தமிழை விட்டுவிட்டு, "பவர் பவர்" என்று கிளம்பினதுதான் குழப்பம்.

முதலாவது அப்போஸ்தலர் 1-ம் அதிகாரம் 7, 8 வசனங்களுக்கு வாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வசனங்கள். இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தை இப்போதா திருப்பிக் கொடுப்பீர் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். ஆண்டவர் சொல்லுகிற பதிலில் ஜேம்ஸ் ராஜா வேதாகமம் 7-ம் வசனத்திலும் பவர் என்கிறது, 8-ம் வசனத்திலும் பவர் என்கிறது. தமிழில் 7-ல் இருப்பது "ஆதீனம்", 8-ல் இருப்பது "பெலன்". ஆதீனம் என்றதும் இப்போது நமக்குத் திருவாவடுதுறை, தருமபுரம் மடங்கள்தான் ஞாபகம் வரும். பழைய தமிழில் அதற்கு ஒருவருடைய கைவசம், ஆளுகை என்று அர்த்தம். காலங்களும் வேளைகளும் பிதாவின் கைவசம் இருக்கிறது, அது உங்கள் பாடு அல்ல. பெலனோ உங்களுக்கு வரும் என்கிறார்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அதிலிருந்து கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களில் தண்ணீர் வந்துதான் நம் பக்கத்து வயல்கள் நனைகின்றன. வழக்கமாக ஆகஸ்டில் திறப்பார்கள். எந்தத் தேதி, எத்தனை நாள் என்பதைக் கால்வாய்க் கடைமடையில் இருக்கிற விவசாயி தீர்மானிக்க முடியாது. மதகின் சாவி அவர் ஆதீனத்தில் இல்லை. ஆனால் தண்ணீர் வரும்போது வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அதற்கு அவர்தான் பொறுப்பு. வருகைக்குத் தேதி குறிக்கிற தீர்க்கதரிசனங்கள் நம் ஊர்ப்பக்கமும் அவ்வப்போது வருகின்றன. அப்படி ஏதாவது உங்கள் காதில் விழுந்தால் இந்த 7-ம் வசனத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். அவருடைய ஆதீனத்தில் இருப்பதை நமக்குத் தருகிறேன் என்று ஆண்டவர் சொல்லவே இல்லை.

அடுத்தது அதிகாரம். யோவான் 1:12-ல், அவரை ஏற்றுக்கொண்டவர்கள் தேவனுடைய பிள்ளைகளாகும்படி கொடுக்கப்பட்டது இதுதான். கன்வென்ஷனில் கைவைத்த பிறகு அல்ல, நாற்பது நாள் உபவாசத்துக்குப் பிறகும் அல்ல, ஏற்றுக்கொண்ட அன்றைக்கே. லூக்கா 10:19-ல் இன்னும் தெளிவு. சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க உங்களுக்குக் கொடுக்கிறேன் என்பது அதிகாரம். சத்துருவிடம் இருப்பதாகச் சொல்லப்படுவது வல்லமை. இங்கிலீஷில் இரண்டும் பவர் என்று வந்து, ஏதோ சம பலமுள்ள இரண்டு காளைகள் முட்டிக்கொள்வது போல ஆகிவிடுகிறது. அப்படி அல்ல. சங்ககிரி பைபாசில் லோடு ஏற்றி வருகிற லாரியின் இன்ஜினில் இருக்கிற வேகத்தைக் கான்ஸ்டபிள் தன் புஜபலத்தால் நிறுத்துவதில்லை. கையைத்தான் காட்டுகிறார். கைக்குப் பின்னால் அரசாங்கம் நிற்கிறது.

பவர் பத்திரம் இதை இன்னும் நன்றாக விளக்கும். வெளியூரில் இருக்கிற நிலத்துக்காரர், இங்கே இருக்கிற ஒருவர் பெயருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார். அவரைப் பவர் ஏஜென்ட் என்கிறோம். அவர் கையெழுத்துப் போட்டால் நிலத்துக்காரர் போட்டதற்குச் சமம். ஆனால் நிலம் அவருடையது ஆகிவிடாது. வெறும் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு சொத்து என்னுடையது என்று சொல்ல முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. நமக்கும் அப்படித்தான். இயேசுவின் நாமத்தில் நாம் கட்டளையிடலாம். ஊழியம் நம்முடைய சொத்து அல்ல. பத்திரத்தில் பெயர் இல்லாதவன் ஆபீசுக்குப் போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்கேவாவின் ஏழு குமாரர்களைப் பாருங்கள் (அப். 19:13-16). அதே நாமத்தைத்தான் சொன்னார்கள். பிசாசு பிடித்த மனுஷன் அவர்களை அடித்துத் துரத்தினான்.

பவர் பத்திரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு, பத்திரம் எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பொதுவாக அந்தப் பவர் அன்றோடு செல்லாது. நமக்கு அதிகாரம் கொடுத்தவர் மரித்தாரே? மரித்தார். ஆனால் மத்தேயு 28:18-ல் வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் தமக்கு உண்டென்று எப்போது சொல்லுகிறார் என்று கவனியுங்கள். கல்லறை காலியான பிறகு! இனி மரிக்கிறதில்லை என்று ஆனபின்பு அந்தப் பத்திரம் எந்தக் காலத்தில் காலாவதியாகும்? அல்லேலூயா.

சரி, பிள்ளைகளுக்கு அதிகாரம் இருக்கும்போது எருசலேமில் காத்திருங்கள் என்று ஏன் சொன்னார்? அது பெலனுக்காக. லூக்கா 24:49-லும் அப்போஸ்தலர் 1:8-லும் இருப்பது அந்தப் பெலன்தான், கிரேக்கத்தில் துனாமிஸ். இதைப் பிரசங்கிக்கிற அநேகர், "துனாமிஸ் என்றால் டைனமைட்! வெடி!" என்று மேசையைத் தட்டுவார்கள். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் டைனமைட்டுக்கு ஆல்பிரட் நோபல் அந்தக் கிரேக்க வார்த்தையிலிருந்து பெயர் வைத்தது 1867-ல். லூக்கா எழுதி ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆகப்போகிற சமயத்தில். கல்குவாரியில் வைக்கிற வெடி ஒரு தரம் வெடிக்கும், தூசி பறக்கும், பிறகு சத்தம் அடங்கிவிடும். அதே வார்த்தையிலிருந்து வந்த இன்னொரு பெயர் டைனமோ. சைக்கிளில் டைனமோ வைத்து ராத்திரி பிரயாணம் பண்ணினவர்களுக்குத் தெரியும், மிதிக்கிற வரைக்கும் பாதையில் வெளிச்சம். எனக்கு இந்த உவமைதான் பிடிக்கிறது.

ஏனென்றால் 8-ம் வசனத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது. பெலன் எதற்கு என்று அந்த வசனமே சொல்லுகிறது: சாட்சிக்கு.

நம் பக்கத்து சகோதரி ஒருவர். பெயர் வேண்டாம். தறிக் குடோனில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர். மூன்று காத்திருப்புக் கூட்டங்களுக்குப் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் நிரப்பப்பட்டார்கள், சிலர் கீழே விழுந்தார்கள். இவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தவர் திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்துக் கேட்டேன். "பவர் இல்லாதவ எப்பிடிங்கய்யா அப்பத்துல கை வெக்கிறது? கர்த்தர் என்னை வேண்டாம்னுட்டாருங்க" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பாருங்கள், ஒரு வார்த்தைக் குழப்பம் ஒரு ஆத்துமாவை மேசையை விட்டே எழுப்பிவிட்டது.

நான் அவருக்கு யோவான் 1:12-ஐ வாசிக்கக் கொடுத்தேன். "அம்மா, மேசையில் உட்காருகிற உரிமை பிள்ளைக்கு உரியது. அது அதிகாரம். நீங்கள் பிள்ளைதானே?" என்றேன். தலையை ஆட்டினார். பிறகு வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். இவர்களுக்கு மீட்டர் கணக்குக் கூலி. ஒரு சனிக்கிழமை கணக்கு எழுதுகிறவர் தவறுதலாய் நாற்பது மீட்டர் அதிகம் எழுதிக் கூலி கொடுத்துவிட்டார். இவர் வாங்கின அட்வான்சே இன்னும் அடையவில்லை, வீட்டில் கடன். இருந்தும் திங்கட்கிழமை போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, நானே கண்டுபிடிச்சிருக்க மாட்டனே" என்று அவர் கேட்க, குடோனில் எல்லாரும் கேட்கும்படி, "எங்க இயேசப்பா கண்டுபிடிப்பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அந்த மனுஷர் தன் பையனுக்குச் சுகமில்லாதபோது ஜெபிக்கச் சொல்லி இவரிடத்தில்தான் வந்தாராம். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா என்னிடம், "ஆனா பவர்தான் வரலீங்க" என்கிறார்!

கடன் உள்ள வீட்டில் நாற்பது மீட்டர் கூலியைத் திருப்பிக் கொடுக்கிறதும், அதட்டுகிறவர் முன்னால் இயேசுவின் பெயரைச் சொல்லுகிறதும் மாம்சத்தால் ஆகிற காரியமா? ஆவியானவர் அந்த அம்மாவுக்குள் கிரியை செய்துகொண்டுதான் இருக்கிறார். நான் அந்நியபாஷை அடையாளத்தைக் குறைத்துப் பேசவில்லை. அபிஷேகத்துக்காகக் காத்திருக்கவேண்டும் என்பது நம் சபையின் உபதேசம். அந்த அம்மாவிடமும் தொடர்ந்து வாஞ்சியுங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் பிள்ளை என்ற உரிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் பிச்சைக்காரி மாதிரிக் காத்திருக்கக்கூடாது. பிள்ளையாய்க் காத்திருக்கவேண்டும். அடுத்த திருவிருந்தில் அவர் எடுத்தார்.

2023-ல் விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 750 யூனிட்டிலிருந்து 1000 யூனிட்டாக உயர்த்தினார்கள். இலவசம் என்பதற்காகத் துணி தானாக நெய்யப்பட்டு வருமா? தறிக்கு ஆள் நிற்கவேண்டும், அறுந்த நூலைப் பிணைக்கவேண்டும். கிருபையாய்க் கிடைக்கிற பெலனும் வேலைக்குத்தான் வருகிறது.

இனி சக்தி. நம் தமிழ் வேதாகமத்தில் இந்த வார்த்தை வருகிற இரண்டு இடங்களை அப்போஸ்தலர் நடபடிகளில் பாருங்கள். கிரேக்கத்தில் இரண்டிலும் அதே துனாமிஸ்தான். முதலாவது 3:12. அலங்கார வாசலில் சப்பாணி நடந்தபோது ஜனங்கள் பேதுருவை வெறித்துப் பார்க்கிறார்கள். எங்கள் சுயசக்தியினால் ஆனதல்ல என்று அவர் மறுக்கிறார். இரண்டாவது 8:10. சமாரியா பட்டணத்தில் மாயவித்தைக்காரன் சீமோனைப் பார்த்து, தேவனுடைய பெரிய சக்தி இவன்தான் என்று ஜனங்கள் எண்ணினார்கள். ஒரு இடத்தில் ஊழியக்காரன் தன்னிடம் இல்லை என்று மறுக்கிறது. இன்னொரு இடத்தில் மந்திரவாதியிடம் இருக்கிறதாக ஜனங்கள் ஏமாந்தது. மொழிபெயர்த்தவர்கள் யோசித்துத்தான் செய்தார்களா, எப்படியோ, எனக்கு இது ஒரு எச்சரிப்புப் பலகையாய்த் தெரிகிறது.

அந்தச் சீமோன் பிறகு அப்போஸ்தலர்களிடம் பணத்தைக் கொண்டுவந்து என்ன கேட்டான்? கைவைத்தால் பரிசுத்த ஆவி வரும்படியான அதிகாரத்தைக் கேட்டான் (8:19). தனக்குப் பெலன் வேண்டும், சாட்சியாக வாழவேண்டும் என்று கேட்கவில்லை. விநியோக உரிமை கேட்டான், ஏஜென்சி எடுக்கிறது போல. பேதுரு கொடுத்த பதில் கடுமையானது, வாசித்துப் பாருங்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் ஜனங்களில் சிலர் தறி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ப் "பவர் எண்ணெய்" என்றும் "பவர் காணிக்கை" என்றும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அட்வான்ஸ் என்றால் உங்களுக்குத் தெரியும். அது அடைகிற வரைக்கும் வேறு குடோனுக்குப் போக முடியாது. பரிசுத்த ஆவியானவர் விடுதலையின் ஆவியானவர். அவர் பெயரைச் சொல்லி ஒருவனை இன்னும் இரண்டு வருஷம் அதே தறியில் கட்டிவைக்கிறது எந்த ஆவி? வாங்குகிறவர் யாராயிருந்தாலும் சரி, விலை சொல்லுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் வந்து ஜெபித்துக்கொள்ளக் காணிக்கை கேட்டால் என்னிடமிருந்தும்தான்.

இப்போது கண்ணாடிக் கடைக்கு வருவோம். கண்ணாடியில் எழுதித் தருகிற பவர், லென்சின் பவர். பிளஸ் 2 என்றால் அரை மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தைக் குவிக்கும் என்று கணக்கு. கண்ணுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு லென்ஸ் ஈடு கொடுக்கிறது. குறைவு அதிகமானால் பவரும் அதிகம். கண்ணாடி போட்டவர் நன்றாய் வாசித்தால், "என் கண்ணைப் பார்" என்று பெருமை பேச இடமே இல்லை.

2 கொரிந்தியர் 12:9-ல் பவுல் மூன்றுதரம் கேட்டும் எடுபடாத முள்ளோடு நிற்கிறார். ஆண்டவர் அந்த வசனத்தில் சொல்லுகிற "பலம்", பவுல் தன்மேல் தங்கவேண்டும் என்று விரும்புகிற "வல்லமை", இரண்டும் கிரேக்கத்தில் ஒரே துனாமிஸ். அது பூரணமாய் விளங்குகிற இடம் பலவீனம் என்கிறார். நாமோ பலவீனம் போனபிறகுதான் பவர் வந்தது என்று கணக்குப் பண்ணுகிறோம்.

1906-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பட்டணத்து அசூசா தெருவில், முன்பு குதிரை லாயமாய்ப் பயன்பட்ட கட்டடத்தில் எழுப்புதல் உண்டானது உங்களுக்குத் தெரியும். அதை நடத்தின வில்லியம் சீமோர் யார்? அடிமைகளாயிருந்து விடுதலையான தாய் தகப்பனுக்குப் பிறந்த கறுப்பர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. கூட்டம் நடக்கும்போது பல வேளை மரப்பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்து ஜெபித்துக்கொண்டிருப்பாராம். அதற்கு 46 வருஷம் முந்தியே, 1860-ல், நம் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் ஐயாவின் ஊழியத்தில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையுமாய் எழுப்புதல் பற்றினது. அவர் கையில் மைக்கும் இல்லை, பேனரும் இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டங்களில் இந்த வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மாற்கு 5:30, லூக்கா 4:36, லூக்கா 9:1, மத்தேயு 25:15, எபேசியர் 6:10, சகரியா 4:6, 1 கொரிந்தியர் 9:12. ஒவ்வொன்றிலும் வல்லமையா, அதிகாரமா, பெலனா, வேறு வார்த்தையா என்று நோட்டில் எழுதுங்கள். எபேசியரில் ஒரே வசனத்தில் மூன்று வருகிறது, கவனம். கடைசி வசனத்தில் பவுல் தனக்கு இருந்த அதிகாரத்தை என்ன செய்தார் என்பதை வாலிபர்கள் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கவும். நைட் ஷிப்ட் உள்ளவர்கள் நோட்டை ஞாயிறு காலை ஆராதனைக்குமுன் என்னிடம் கொடுத்தால் போதும்.